கையகல ஜன்னல்

ஒரு ஊர்ல ஒரு அகாத்தா இருந்தா. ஊர்னா நம்ம ஊர் இல்லடி. சுத்தி பனிமலை, நடுவுல பள்ளத்தாக்கு, மூக்கு நுனி விறைச்சுப் போற குளிர். அங்க இடிஞ்ச கோட்டை ஒண்ணு, தண்ணியில ஓடற மாவு மில்லு ஒண்ணு, கருகருன்னு ஒரு பழைய மரவீடு. அது அகாத்தா பொறந்த வீடு. அவ அம்மா செத்தப்புறம் மியூசியமாக்கிட்டாங்க. கைக்குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு, வர்றவங்களுக்கு எல்லாத்தையும் சுத்திக் காட்டறது அவ வேலை. எங்க, ம் சொல்லு?

அந்த வீட்ல கட்டிலுக்கு மேல கையகலத்துக்கு ஒரு ஜன்னல். யாராவது செத்தா அதைத் திறப்பாங்க, உயிர் வெளிய போகும். உடனே சாத்திடுவாங்க. போன உயிர் திரும்பி வந்துச்சுன்னா, வீட்ல இருக்கற சின்ன உயிரை வெளிய தள்ளிட்டு அது உக்காந்துக்குமாம்.

ஒருநாள் வந்தவங்க சும்மா இருக்கக் கூடாதா? "திறங்களேன், போட்டோ எடுக்கணும்"னாங்க. இவளும் திறந்துட்டா. அப்புறம் கோட்டைக்கு வா, மில்லுக்கு வான்னு அவங்க இழுத்த இழுப்புல சாத்த மறந்தே போயிட்டா.

சாயங்காலம் திரும்பி வந்து, முதுகுல தூங்கின குழந்தையைப் பழைய தொட்டில்ல போட்டுட்டு நிமிர்ந்தா... ஜன்னல் திறந்து கிடக்கு!

ஓடிப்போய் ஜன்னல் கதவை இழுத்தா. கிரீச்ச்... பனியில ஊறிப்போன மரம், அசையல. மறுபடி இழுத்தா. அப்போ பின்னால கிறுக்... கிறுக்... தொட்டில் தானா ஆடுது. குழந்தை உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. மூணாவது தடவை கை வெக்கறா, வெளியேருந்து ஒரு குரல்.

"அகாத்தா... குளிருதுடி. உள்ள வரட்டுமா?"

அம்மா குரல்! அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு அவளுக்கு. வாம்மான்னு கூப்பிட மனசு கிடந்து தவிக்குது. கிறுக்... கிறுக்...

"வராதம்மா. உள்ள என் பாப்பா இருக்கா."

காத்து நின்னு போச்சு.

"பாப்பாவா? எனக்குத் தெரியாதேடி... பேரு என்ன?"

"உன் பேருதாம்மா."

அப்புறம் வெளியேருந்து ஒரு கை, ஐஸா இருந்த கை, கதவைப் பிடிச்சிருந்த அவ விரலை மெதுவா எடுத்து உள்ள விட்டுட்டு, கதவை அழுத்தித் தள்ளிச்சு. டக்! தொட்டில் நின்னுச்சு. குழந்தை வீல்னு அழுதுச்சு.

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா சொன்னா: "தாழ்ப்பாளைப் போடுடி. நான் கேட்டாலும் திறக்காத."

கதை மலையேறிடுச்சு. கண்ணை மூடிக்கோ, தூங்கு.