பிரதானியின் தோப்பை அலை தின்ற கதை

கடலோரமாகவே நீண்டு கிடந்த ஒரு நாட்டை ஒரு காலத்தில் கீர்த்திவளவன் என்று ஒருவன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் அவன் உல்லாசப் படகு கரையேறும்போது அலையில் கவிழ்ந்தது. மகாராஜா பட்டும் பீதாம்பரமுமாகத் தண்ணீரில் உருண்டு எழுந்தார். அன்றைக்கே பிரதானி வீரசிகாமணி யோசனை சொன்னான்: "அலை அடங்க, கடலுக்குள் நீளமாக ஒரு கல்சுவர் கட்டிவிடலாம், பிரபு!"

கட்டினார்கள். படகு ஆடாமல் அசையாமல் நின்றது. தென்காற்றுக் காலம் போனதும் பார்த்தால், சுவருக்குத் தெற்கே புதிதாகப் பெரிய மணல்வெளி. தேர் ஓட்டலாம் போல.

"கடலரசன் தங்களுக்குக் காணிக்கை வைத்திருக்கிறான்!" என்றான் பிரதானி. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சுவருக்கு வடக்கே மீன்பிடிக் குப்பம். அங்கே அதே காற்றில் கரை அரிபட்டுக்கொண்டே வந்தது. முதலில் படகு ஏற்றும் இடம் போனது, பிறகு கடலைப் பார்த்த வரிசை வீடுகள். குப்பத்துப் பெரியவள் பச்சையம்மா சபைக்கு வந்து முறையிட்டாள்.

பிரதானி முந்திக்கொண்டான். "ராஜாவுக்குக் கொடுக்கிற கடல் இவர்களை ஏன் விரட்டுகிறது? என்னவோ தீட்டு. விட்டுவைத்தால் அரண்மனை வரைக்கும் வந்துவிடும். மலையடிவாரத்துக்கு அனுப்பிவிடுங்கள், பிரபு."

"மலையில நாங்க எதைப் பிடிக்கிறது சாமி, ஓணானா?" என்றாள் பச்சையம்மா. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். "மகாராஜா, கடல் யாருக்கும் கொடுப்பதுமில்லை, யாரையும் விரட்டுவதுமில்லை. அது ஒரு சுமைகாரன். தெற்கே அள்ளுகிற மணலை வடக்கே கொண்டுபோய்ப் போடும். அங்கே கொஞ்சம் எடுத்து இன்னும் வடக்கே நகரும். எடுத்த இடத்தில் பின்னாலிருந்து வந்து விழுந்துகொண்டே இருப்பதால் கரை கரையாக நிற்கிறது. நம் சுவர் அந்த மணலைப் பாதி வழியில் பிடித்து வைத்துக்கொண்டது. சுவரைத் தாண்டிப் போகிற அலை வெறுங்கையோடு போகிறது, குப்பத்தில் இருக்கிறதை அள்ளிக்கொள்கிறது."

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியென்றால் என் கரை திருட்டு மணலா, மந்திரி?"

இதற்கு மேல் பேசினால் தலை தங்காது. அம்பலவாணர் சட்டென்று பேச்சை மாற்றினார். "மன்னிக்க வேண்டும், என் அறியாமை. பிரதானி சொல்வதே சரி. அப்பேர்ப்பட்டவருக்கும் கடலின் காணிக்கை கிடைக்க வேண்டாமா? தெற்கே தூரத்தில் அவர் தென்னந்தோப்பு கடலோரம்தானே இருக்கிறது? அங்கேயும் ஒரு சுவர் கட்டிக் கொடுங்கள். அலைக்குள் நின்று கல் அடுக்கக் குப்பத்துக்காரர்களை விட்டால் ஆள் இல்லை. அந்த வேலை முடிந்து, பலனையும் பார்த்துவிட்டு இவர்களை அனுப்பலாமே."

"ஆகட்டும்!" என்றார் ராஜா.

"ஒன்று மட்டும்," என்றார் மந்திரி. "சுவரைத் தோப்பின் வடகோடியில் வைப்பதே உத்தமம்."

மந்திரி கிழக்கு என்றால் மேற்கு என்பது பிரதானியின் பிறவிக் குணம். "வடகோடியா? பலனெல்லாம் தோப்பைத் தாண்டி வடக்கே போகட்டும் என்ற எண்ணமா? தென்கோடியில்தான் வைக்க வேண்டும்!"

"உங்கள் தோப்பு, உங்கள் இஷ்டம்," என்று மந்திரி உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் பச்சையம்மா அவரை மறித்தாள். "எங்களைத் துரத்துறவனுக்கு நாங்களே கல்லு சுமக்கணுமா சாமி? நல்லாயிருக்குதா இது?"

"தென்காற்று ஒரு முறை அடிக்கட்டும் தாயே. கல்லை மட்டும் கெட்டியாக அடுக்குங்கள்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் கெட்டியாகத்தான் அடுக்கினார்கள்.

அடுத்த தென்காற்று அடித்தது. அதற்குள் குப்பத்தில் இன்னொரு வரிசையும் போய்விட்டது. காற்று பாதி போகும்முன் பிரதானி தலைப்பாகை அவிழச் சபைக்குள் ஓடிவந்தான்.

"பிரபு! தென்னை எல்லாம் வேரோடு கடலில் சாய்கிறது! அந்தச் சுவரை உடனே இடிக்க உத்தரவு தாருங்கள்!"

"சுவர் என்ன செய்தது?" என்று கேட்டார் மந்திரி.

"என்ன செய்ததா? சுவருக்குத் தெற்கே புறம்போக்கில் மணல் மலையாகக் குவிகிறது. எனக்கு வரவேண்டிய மணலை மறித்துக்கொண்டு நிற்கிறது ஐயா அது!"

"அப்படியா? நான் உங்கள் வீட்டில் ஏதோ தீட்டு என்றல்லவா நினைத்தேன்."

இந்த முறை சபை சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"மந்திரி, என் சுவரை எடுத்தால் என் மணல்வெளி போய்விடுமா?"

"போய்விடும், மகாராஜா."

"என் படகு?"

"ஆடும்."

ராஜா பச்சையம்மாவை அழைத்துவரச் சொன்னார். "அம்மா, சுவரை எடுத்துவிட்டால் உங்களுக்குப் போனதெல்லாம் திரும்பி வந்துவிடுமா?"

"மண்ணு வரும் ராசா. வீடு வராது."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு சுவர்களையும் பிரிக்கவும், அந்தக் கல்லையே கொண்டு குப்பத்துக்குச் சற்று உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுக்கவும் உத்தரவானது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிரதானியின் பட்டத்தைப் பறித்து வேறொரு பதவி கொடுத்தார்: ராஜாவின் சுவருக்குத் தெற்கே கிடக்கும் மணலைக் கூடையில் சுமந்து வடக்கே குப்பத்துக் கரையில் கொட்ட வேண்டும்.

முதல் நாளே வீரசிகாமணிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கரையில் நின்ற மந்திரியிடம் கேட்டான்: "எதுவரைக்கும் ஐயா இது?"

"இது கடல் செய்துகொண்டிருந்த வேலை. நீர் அதைத் தடுத்துவிட்டீர். 'போதும், இனி நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று அது சொல்லட்டும், இறக்கிவைத்துவிடலாம்."

கடல் அதைச் சொல்ல, சுவர் முழுக்கப் பிரிந்து இன்னொரு தென்காற்றும் அடிக்க வேண்டியிருந்தது.