ஒழுகாத ஓட்டைக் குடம்

முன்னொரு காலத்தில், கோடை வந்தால் கிறுக்குப் பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய விகடகவி கூத்தாண்டி. அரண்மனைக்கு வருமுன் கிணற்றடியில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தவன். அதைக் குத்திக் காட்டாவிட்டால் பிரதானி திருவம்பலருக்குச் சோறு இறங்காது.

கோடையில் ஒருநாள் ராஜாவின் குளியல் குடம் ஓட்டையாகி, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தது. "அடைக்காமலே இதை நிறுத்த முடியாதா?" என்றார் ராஜா.

பிரதானி துள்ளி எழுந்தார். "மகாராஜா, நம் கமலைக்காரன் இருக்கிறானே! ஓட்டையை அடைக்கக் கூடாது, குடத்தைச் சாய்க்கக் கூடாது, தண்ணீர் அதில் நிறைய இருக்க வேண்டும். ஓர் இமைப்பொழுது நிறுத்தினால் போதும். முடியாவிட்டால் பழைய கிணற்றடிக்கே போகட்டும்!"

சபை சிரித்தது. கூத்தாண்டிக்குச் சுருக்கென்றது. வேலை போனால் போகட்டும். கமலைக்காரனுக்குச் சபை எதற்கு என்ற பேச்சல்லவா நிலைத்துவிடும்?

"நிறுத்திவிட்டால்?"

"நீ சபைக்கு வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்கிறேன்."

கூத்தாண்டி குடத்தோடு காவல் கோபுரத்தில் ஏறினான். கீழே அகழிக்கரையில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். உச்சியில் நிறைய நிரப்பிய பிறகும் குடம் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது.

"பிரதானியாரே, தள்ளி நில்லும்!"

"நீ யாரடா எனக்குச் சொல்ல?"

கூத்தாண்டி பிடியை விட்டான். குடம் நேராக இறங்கியது. ஓட்டையிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. தொப்பென்று அகழியில் விழ, பிரதானி தலைமுதல் கால்வரை நனைந்தார்.

"கீழே போட்டுவிட்டான், மகாராஜா! இது மோசடி!"

"போடக் கூடாது என்று நீர் சொல்லவில்லையே" என்றார் ராஜா. நம்ப மாட்டாமல் இன்னொரு குடத்தில் ஓட்டை போட்டு, தாமே ஏறித் தண்ணீரோடு போட்டுப் பார்த்தார். அதுவும் ஒழுகவில்லை.

"எப்படியடா இது?"

"குடம் நின்றால்தான் தண்ணீர் அதை அழுத்தி வெளியே ஓடும், மகாராஜா. இரண்டும் சேர்ந்து விழும்போது எது எதை அழுத்தும்? கமலை வடம் அறுந்து, தண்ணீர் மொண்டு வந்த ஓட்டைச் சால் கிணற்றில் விழுகிறபோது எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஏட்டில் இருக்கிறதோ என்னவோ, கிணற்றில் இருக்கிறது."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"கட்டியக்காரன் என்னைப் பட்டப்பெயரோடு அழைக்க வேண்டும்."

மறுநாள் சபை வாசலில் கட்டியக்காரன் முழங்கினான்: "கமலைக்காரர் கூத்தாண்டியார் வருகிறார்!"

ஈரம் காயாத தலைப்பாகையோடு முதலில் எழுந்து நின்றவர் பிரதானி.