மின்னல் சொன்ன பதில்

முன்னொரு காலத்தில், குடிமக்களின் மனுக்களை வாங்கிப் பதில் சொல்ல அரண்மனையில் சர்வர் ஓடிய ஒரு நாடு இருந்தது. ராஜா காலத்தில் ஏது கணினி என்று கேட்காதீர்கள். கதைக்குக் காலும் இல்லை, தலையும் இல்லை.

அந்தச் சர்வரை இயக்கியது 'ஆலமரம்' என்ற இயங்குதளம். அதைப் பராமரித்தவள் அமராவதி. மந்திரி சூரப்பருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ராஜா வில்லவராயருக்கோ எதிலும் வேகம் வேண்டும் என்று ஒரு பைத்தியம். அதைப் பிடித்துக்கொண்டார் சூரப்பர். தம் மைத்துனர் விற்கும் 'மின்னல்' என்ற இயங்குதளத்தை ஆலமரத்தோடு மோதவிட்டு, முடிவைச் சபையில் வாசித்தார்.

"மன்னர் மன்னா! மின்னல் பத்து மடங்கு வேகம்!"

"என்ன மனு குடுத்துப் பாத்தீங்க, ஐயா?" என்றாள் அமராவதி.

"தோற்றவர்கள் கேட்கும் கேள்வி இது!" என்றார் சூரப்பர். ராஜா சிரித்தார். சபை சிரித்தது. விகடகவி சிங்காரமும் சிரித்தான், பாவி. அன்றே ஆலமரம் இருந்த இடத்தில் மின்னல் ஏறியது; அவளுக்கு வேலை போயிற்று.

ஐப்பசி பிறந்தது. மனு போட்ட எல்லோருக்கும் 'பரிசீலிக்கப்படும்' என்று நொடியில் பதில் வந்தது. வேலை மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. சிங்காரத்துக்கு உறுத்தியது.

"அந்தப் போட்டியை நடத்தியவர் யார், மந்திரியாரே?"

"என் மைத்துனர்தான். அதனாலென்ன?"

"எந்த மோர்க்காரி தன் மோர் புளிக்கும் என்பாள்?"

சூரப்பருக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் நீரே மின்னலோடு போட்டியிடும். தோற்றால் கழுதைமேல் ஊர்வலம்!"

வேடிக்கை என்றால் ராஜா விடுவாரா? சம்மதித்தார். மின்னல் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்ட மனுக்களே மூட்டையாக வந்து இறங்கின. மின்னலுக்குக் கொடுக்கச் சேவகன் முதல் மனுவை எடுக்கக் கை நீட்டுமுன்பே சிங்காரம், "பரிசீலிக்கப்படும்!" என்றான். மூச்சுவிடாமல் மூட்டை முழுவதற்கும் அதையே சொல்லி முடித்தான். மின்னல் தோற்றது.

"அடேய், ஒன்றையாவது படித்தாயா?"

"பதிலைத்தானே எண்ணினார்கள், மகாராஜா? படிக்க வேண்டும் என்று விதியே இல்லையே! மின்னலும் படிக்கவில்லை."

ராஜா முறைத்த முறைப்பில் சூரப்பர் உண்மையைக் கக்கினார். முதல் போட்டியன்று மின்னலுக்கு ஒரே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள்; ஒருமுறை சொன்ன பதிலையே அது திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறது. ஆலமரத்துக்கு விதவிதமான மனுக்கள்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிங்காரத்தின் கையில் பொற்காப்பைப் பூட்டினார். அமராவதியை அழைத்துவரச் சொன்னார். விகடக் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். என்ன செய்வது, முடியவில்லை.

அமராவதி வந்து மூட்டையைப் பிரித்து, மேலே கிடந்த மனுவை வாசித்தாள். கீழக்குடியிலிருந்து வந்தது.

"கண்மாய்க் கரை அரிச்சுக்கிட்டுப் போகுது. மழைக்கு முன்னால ஆள் அனுப்புங்க, சாமி."

அந்தக் கரை போன வாரமே உடைந்து, வீடும் வயலும் மனிதர்களுமாக வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மழையின் குற்றம் என்று சூரப்பர் சொல்ல, சபையும் நம்பியிருந்தது.

சிங்காரம் காப்பைக் கழற்றி மனுவின்மேல் வைத்தான். "இதற்கும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன், மகாராஜா. கரை கட்ட இது உதவட்டும்."

"நான் அன்னிக்கே கேட்டேனே, ராசா, என்ன மனு குடுத்துப் பாத்தீங்கன்னு," என்றாள் அமராவதி.

ராஜாவுக்குப் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

"கேட்டாய், தாயே. நான் சிரித்தேன்."