பதனி வேண்டாம்னு சொன்னவ

தென்துருவத்துக்கு ஒத்தையா, நடந்தே போவணும்னு ஆசப்பட்டா தவசுக்கனி. அவ மதினி கேட்டா: "ஏட்டி, அங்க அப்படி என்னத்த வச்சிருக்கான்?"

"ஒண்ணும் இல்ல மதினி."

"பொறவு?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

அன்னைக்குச் சிரிக்க ஆரம்பிச்ச மதினி இன்னும் நிப்பாட்டல. அது கெடக்கட்டும்.

அந்தப் பக்கத்துல துருவத்துக்குப் போயிட்டு வந்தவ ஒருத்திதான், லில்லிபுஷ்பம். குளிருக்கு ஒரு கால்விரலக் குடுத்துட்டு வந்தவ. கால் எப்படி இருக்குன்னு யாராச்சும் கேட்டா, "ஒம்பதும் சௌக்கியம்"பா. அவகிட்டதான் தவசு போயி நின்னா.

"போலாம்," லில்லிபுஷ்பம் சொன்னா. "ஆனா வழியில யாரு எதக் குடுத்தாலும் வாங்கப்படாது. ஒரு வாய் டீ குடிச்சாலும் ஒத்தையாப் போனதா ஆவாது. தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"அப்ப டயர இழுத்துக்கிட்டு தேரியக் கடந்து வா. எதுவும் வாங்காம வந்தா, சரி போன்னு சொல்லுதேன். நான் சொல்லாம ஒன்ன எவனும் பிளேன்ல ஏத்த மாட்டான்."

தேரின்னா செம்மணல் காடு. கடுங்குளிர்ல பனியும் இந்த மணல் மாதிரிதான், சாமான் ஏத்தி இழுக்குற சறுக்குவண்டி வழுக்காதாம். அதுக்குப் பழகத்தான் டயரு. இடுப்புல கயிறு, பின்னால லாரி டயரு. அவ மாமா லாரியில ஊரெல்லாம் சுத்துன டயரு, வயசான காலத்துல தேரியில இழுபடுது பாவம்.

நடுத்தேரியில, பனைக்குக் கீழ, பனையேறி பொண்டாட்டி சுயம்புவடிவு இருப்பா. அவ பதனியக் குடிக்காம அந்த வழியா ஒருத்தரும் போனதில்ல. ஒரு தடவ தாசில்தார் ஜீப்பையே மறிச்சவ. எனக்கு சுகருன்னாராம் அவரு. "ஒமக்குத்தான சுகரு? என் பதனிக்கு இல்லல்லா?" குடிச்சிட்டுத்தான் போனாரு.

"வாட்டி தவசு! மாடு செத்துப் போச்சா, நீ இழுக்க?" பனையோலையக் கோட்டுன பட்டையில பதனிய ஊத்தி நீட்டுனா. தவசு குடிச்சிட்டா. ரெண்டு பட்டை.

"எப்படிக்கா வேண்டாங்கறது? அவ மூஞ்சி வாடிரும்லா," லில்லிபுஷ்பத்துக்கிட்ட வந்து கேட்டா தவசு.

"அடுத்த வாரம் வா," லில்லிபுஷ்பம் சொன்னா.

அடுத்த வாரம் தவசு குனிஞ்ச தல நிமிரல. "ஒண்ணும் வேண்டாம், விடுங்க!" வெடுக்குன்னு சொல்லிட்டு நடந்தா. திரும்பிப் பாத்தா, சுயம்புவடிவு பட்டையும் கையுமா நிக்கா. அவ்வளவுதான். டயரப் போட்டுட்டு ஓடிவந்து, மன்னிப்புக் கேட்டு, மூணு பட்டை குடிச்சா.

லில்லிபுஷ்பம் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. "இன்னும் ஒரு வாரம்."

மூணாவது தடவ தவசு அங்கயே நின்னா. டயரு மேல உக்காந்தா. "அத்தை, ஒங்க பதனிய நெனச்சாலே நாக்கு ஊறுது. ஆனா வேண்டாம்."

"ஒரு வாய்ட்டி."

"வேண்டாம் அத்தை."

"என் மேல சத்தியமா..."

"சத்தியத்த நீங்களே வச்சிக்கிடுங்க. டயரே கனக்கு."

சுயம்புவடிவுக்குச் சிரிப்பு வந்துட்டு. "போ கழுதை," டயர ஒரு தள்ளு தள்ளிவிட வந்தா.

"ஐயோ, தள்ளவும் படாது அத்தை!"

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பனை உச்சியில இருந்தவரு, "கீழ என்னளா கூத்து?"ன்னு கத்துனாரு. தவசு கை காட்டிட்டு இழுத்தா. பொழுது சாய தேரியக் கடந்துட்டா.

"சரி, போ," லில்லிபுஷ்பம் சொன்னா.

தவசு ஒரு குதி குதிச்சா. பொறவு யோசிச்சா. "அக்கா, அங்க காக்கா குருவி கூட கெடையாதே. எனக்கு யாரு என்னத்த நீட்டப் போறா? எதுக்கு இந்தப் பாடு படுத்துனீக?"

"அங்கயும் ஒருத்தி வருவா."

"அந்தப் பனியிலயா?"

"தெனமும். 'பாவம் தவசு, கால் வலிக்கும். போனு கையிலதான இருக்கு, ஒரு வார்த்த சொல்லு, பிளேன் வந்துரும்'பா. சுயம்புவடிவ விடப் பாசமாக் கேப்பா. வெரட்டுனா போவ மாட்டா. அழுதுக்கிட்டே பின்னால வருவா."

"யாருக்கா அவ?"

லில்லிபுஷ்பம் குனிஞ்சு, தவசு இடுப்புக் கயித்த அவுத்துவிட்டா.

"என்கிட்ட வந்தவளுக்கும் என்னப் போலவே கால்ல ஒம்பது விரலுதான். சிரிக்க வச்சுத்தான் அனுப்புனேன்."