சிவந்த சீவாளி

சித்திரை மாதம் பதினேழாம் நாள், காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இரவு பெய்த கோடை மழை ஓய்ந்திருந்தது. காற்று இல்லை. முருங்கை இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அமிர்தலிங்கம் தம் குருவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக விசில் ஊதியவர். ஓய்வுபெற்ற மறுநாளே நாகசுரம் கற்க வந்துவிட்டவர். குரு நீலாயதாட்சிக்கு வயது நாற்பத்தொன்று. குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

இன்னும் இருபத்திரண்டு நாளில் கோயில் பெருவிழா. ஐந்தாம் நாள் சுவாமி புறப்படும்போது மல்லாரி வாசிக்க வேண்டியவர் அமிர்தலிங்கம். ஊரார் முன்னால் அவர் நாகசுரத்தை எடுப்பது அதுவே முதல் முறை.

அன்று இரண்டு வரி வாசித்ததும் நிறுத்தினார். நாகசுரத்தின் வாயில் செருகி உதட்டால் கவ்வும் நாணல் துண்டுக்குச் சீவாளி என்று பெயர். அதை உருவி, தோளில் கிடந்த துண்டின் மறைவில் துடைத்தார்.

"என்னண்ணே துடைக்கிறீங்க?"

"சீவாளி கிழிக்குதும்மா. பக்கிரி முன்ன மாதிரி சீவறதில்ல. கவனம் எங்கயோ இருக்கு."

"இது எத்தனாவது?"

"இந்த மாசத்துல ஆறாவது."

குரு பக்கிரிக்கு ஆள் அனுப்பினார்.

சீவாளி செய்யும் பக்கிரி அடுத்த தெருக்காரர். அரை மணி நேரத்தில், இடுப்பில் கை வைத்தபடியே உள்ளே நுழைந்தார்.

"கண்டக்டரே, என் சீவாளி கிழிக்குதாமே? உதட்டைக் காட்டுங்க பாப்போம்."

அமிர்தலிங்கம் உதட்டை மடித்துக் காட்டினார். பக்கிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தின் பக்கம் அவர் முகத்தைத் திருப்பி, ஒரு புறமிருந்து மறு புறம்வரை பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல. இந்த உதட்டை வெச்சுக்கிட்டு எம்மேல பழி போடறீங்களே, நியாயமா?"

"கீறல் இல்லாம ரத்தம் எங்கேருந்துய்யா வரும்?"

"அதை என்கிட்ட கேட்டா?"

நீலாயதாட்சி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் செங்காயாக ஒரு கொய்யா இருந்தது.

"கடிங்கண்ணே."

"வாசிக்கிற நேரத்துல எதுவும் திங்கக்கூடாதுன்னு நீங்கதானேம்மா…"

"இன்னைக்குத் திங்கலாம்."

அமிர்தலிங்கம் கடித்தார். கடித்த இடத்தின் வெள்ளைச் சதையில், ஓரமாக, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று படிந்திருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"பக்கிரி அண்ணே, இந்தக் கொய்யாவையும் நீங்கதான் சீவினீங்களா?" என்றார் குரு.

"இல்ல தாயி. இது கண்டக்டரோட சொந்தச் சரக்கு."

அமிர்தலிங்கம் சிரிக்க முயன்றார். பாதியில் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஈறுதாம்மா. எனக்கே தெரியும். மேல முன்பல்லு ஒண்ணு லேசா ஆடுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட போகச் சொல்லுவீங்க. போனா பிடுங்கிடுவாங்க. முன்பல்லு போயிட்டா உதட்டுக்குத் தாங்கல் ஏது? காத்தெல்லாம் வெளியில போயிடும். அஞ்சு வருஷமா இந்த ஒரு புறப்பாட்டுக்காகத்தானேம்மா ஊதறேன்?"

"பல்லு விளக்கறதுண்டா?" என்று கேட்டார் குரு.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! ஒரு நாள் தவறினதில்ல. ரத்தம் வர்ற இடத்தை மட்டும் தொடமாட்டேன். புண்ணாச்சே, தானா ஆறட்டும்னு விட்டுட்டேன்."

"எத்தனை நாளா?"

"கார்த்திகையிலேருந்து."

குரு தம்முடைய நாகசுரத்தை எடுத்தார். மல்லாரியைத் தொடங்கினார். முதல் சங்கதி கம்பீரமாக எழுந்தது. இரண்டாவது அதன் தோள்மேல் ஏறியது. மூன்றாவது வரவில்லை, அதைத் தாண்டி நான்காவதற்குப் போய்விட்டார்.

அமிர்தலிங்கம் துடித்துப்போனார்.

"அம்மா! மூணாவதை விட்டுட்டீங்களே!"

"அந்த இடம் இன்னைக்கு எனக்கு உதைக்குதண்ணே. தானா சரியாகட்டும்னு விட்டுட்டேன்."

"அதெப்படிம்மா சரியாகும்? உதைக்கிற இடத்தைத்தானே தினமும் எடுக்கணும்?"

"எப்படி எடுக்கணும்? மூச்சை முட்டி, அழுத்தி ஊதலாமா?"

"அய்யய்யோ! மெதுவா. ஒவ்வொரு சுரமா. பதம் பார்த்து…"

அவர் அங்கேயே நின்றுவிட்டார். கையிலிருந்த கொய்யாவைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

பக்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "டிக்கெட் எடுக்காம ஏறினவன் எவனா இருந்தாலும் ஓடற பஸ்ஸுல மடக்கிப் பிடிச்ச ஆளு. பல்லு டாக்டருக்குப் போய் இப்படி நடுங்கறாரே!"

"நடுக்கமெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப நாளைக்கு ஒன்பது மணிக்குப் போறோம்" என்றார் குரு. "நாற்காலியில முதல்ல நான் உக்கார்றேன்."

மறுநாள் காலை பக்கிரி, ஆறு மாதம் பக்குவப்படுத்திய நாணலில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, கண்டக்டருக்கென்று புதுச் சீவாளி சீவ உட்கார்ந்தார்.

நீலாயதாட்சி சொன்னபடியே பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் முதலில் அமர்ந்தார். டாக்டர் ரகமத் நிஷா சிறு கண்ணாடியை அவர் வாய்க்குள் நுழைத்தார்.

"கீழ்ப்பல்லுக்குப் பின்பக்கம் காரை கட்டியிருக்கும்மா. ஈறு வீங்க ஆரம்பிச்சிருக்கு. வலி ஏதாவது?"

"இல்லையே!"

"இது ஆரம்பத்துல வலிக்காது. அதனாலதான் யாரும் வர்றதில்ல."

வெளியே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த அமிர்தலிங்கம் தலையை உள்ளே நீட்டினார். அவர் முகத்தில் ஐந்து மாதமாகக் காணாத மகிழ்ச்சி.

"அம்மாவுக்குமா?"

"எனக்கும்தான்" என்றார் குரு. "சந்தோஷமா உள்ள வாங்க."

அமிர்தலிங்கம் அன்று காலை முக்கால் மணி நேரம் அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். டாக்டர் எந்தப் பல்லையும் பிடுங்கவில்லை. பல்லின் அடியில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். இறங்கிப்போன ஈறு பழைய உயரத்துக்கு ஏறி வராது என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் வீக்கம் வடிந்தால் ஆட்டம் குறையும், பல் நிற்கும் என்றார். காலையிலும் படுக்கப்போகும் முன்னும் மென்மையான தூரிகையால், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில், அழுத்தாமல் விளக்க வேண்டும். பல்லிடுக்கையும் தினம் சுத்தம் செய்ய வேண்டும்.

"நாலு நாள் நாகசுரம் வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை காட்டிட்டு, திருவிழாவுக்குத் தாராளமா வாசிங்க. அப்புறம், அந்த இடுப்புப் பொட்டலம் என்னங்கய்யா?"

"வெத்தலைங்க."

"வெத்தலை மட்டும்தானா?"

அமிர்தலிங்கம் குருவை ஓரக்கண்ணால் பார்த்தார். "கொஞ்சம் புகையிலையும் உண்டுங்க."

டாக்டர் குப்பைத்தொட்டியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினார். பொட்டலம் விழுந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. அமிர்தலிங்கம் யாருடையதோ ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியில் குனிந்து பல்லைக் காட்டினார். வலமாகத் திரும்பிப் பார்த்தார். இடமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானேம்மா? இதுக்குப்போய் அஞ்சு மாசம் பயந்தேன். சுத்தமாயிடுச்சு. இனிமே இந்தத் தொல்லை முடிஞ்சுது."

நீலாயதாட்சி குடையை விரித்தார்.

"போன வாரம் சுருதி சேர்த்தோமே, ஞாபகம் இருக்கா அண்ணே?"

"ஏன் இல்லாம? சுத்தமா சேர்ந்துச்சு."

"அப்புறம் மறுநாள் எதுக்குச் சேர்த்தோம்?"