பாகற்கொடிக்குப் பூட்டு

“செடி என்னைய ஏமாத்துது, வாத்தியாரம்மா.”

மாசிலாமணி சொன்ன தோரணையப் பாத்தா, செடி அவர் சட்டைப்பையில கைய விட்ட மாதிரி இருந்துச்சு.

பேராச்சி கீரை பறிக்கிறத நிறுத்தல. அவளுக்கு முப்பத்திநாலு வயசு. பஸ் டெப்போவுக்குப் பின்னால கொஞ்சம் நிலத்தக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுறா. மாசிலாமணிக்கு அறுபத்தொண்ணு. முப்பத்தோரு வருஷம் ஜெயில் வார்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மண்ணத் தொட்டதே இந்த ஆடியிலதான். விதை குடுத்து, போட வேண்டிய விதத்தச் சொன்னது அவ. அதனால அவ வாத்தியாரம்மா.

“என்ன செஞ்சிச்சு?”

“பூக்குது. தினம் இருபது பூ. சில பூவுக்குப் பின்னாடி சின்னதாப் பிஞ்சும் இருக்கு. மூணாம் நாள் மஞ்சளாகி விழுந்துருது. ஒண்ணுகூடத் தங்கல.”

“தண்ணி?”

“காலைல ஆறு. சாயங்காலம் ஆறு. ஒரு நிமிஷம் பிந்துனதில்ல.”

“உரம்?”

“நீங்க சொன்ன மக்குன சாணிதான்.”

“யாரெல்லாம் வந்து போறாங்க?”

மாசிலாமணி நெஞ்ச நிமித்தினாரு. இந்தக் கேள்வி எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்திருக்காரு.

“ஒரு ஈ எறும்பு உள்ள போக முடியாது.”

பேராச்சி கை நின்னுச்சு.

“நாளைக்குக் காலைல வாரேன்.”

“கண்டிப்பா வரணும். வீட்டம்மா ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் தவணை குடுத்திருக்கா. ஒரு பிஞ்சாவது நிக்கலேன்னா பந்தலப் பிரிச்சுட்டுத் துணிக்கொடி கட்டிருவாளாம்.”

“கட்டட்டுமே. துணியாவது காயும்.”

அவரு சிரிக்கல.

“வெளையாடாதீங்க. வேலைய விட்டு வந்ததுல இருந்து வீட்டுல என்னைய யாரும் எதுக்கும் கேக்கிறதில்ல. காலைல எந்திரிச்சுப் போறதுக்குன்னு எனக்கு இருக்கிறது அந்தப் பந்தல் ஒண்ணுதான்.”

பேராச்சி அவர ஒரு தடவை நிமிந்து பாத்தா. அப்புறம் கீரையக் கட்டினா.

மறுநாள் விடிஞ்சு கொஞ்ச நேரத்துல பேராச்சி அவரு வீட்டு வாசல் கேட்டத் தட்டினா.

“யாரு? பேரு என்ன? யாரப் பாக்கணும்?” உள்ளேயிருந்து ஒரு அதட்டல்.

“நான்தான் சார், பேராச்சி. ஊரும் சொல்லணுமா?”

கேட் திறந்துச்சு. மாடிக்குப் போனாங்க.

பந்தலப் பாத்துட்டு பேராச்சி ரெண்டு கையையும் இடுப்புல வச்சா.

பந்தலு எங்க தெரிஞ்சுது? வலைதான் தெரிஞ்சுது. நாலு கொசுவலைய ஒண்ணாச் சேத்துத் தச்சு, மேலயும் பக்கத்துலயும் மூடி, அடியில வரிசையா செங்கல் வச்சு, முன்னால ஒரு ஜிப். ஜிப்புல ஒரு குட்டிப் பூட்டு.

உள்ள பாகற்கொடி. அம்புட்டும் மஞ்சப் பூவு.

“பூட்டு எதுக்கு சார்?”

“பழக்கம்.”

“திறங்க.”

திறந்தாரு.

“உள்ள போய் உக்காருங்க.”

“நானா?”

“செடி உள்ளதான இருக்கு.”

அவரு ஒரு ஸ்டூலத் தூக்கிக்கிட்டு உள்ள போனாரு. பேராச்சி ஜிப்ப இழுத்தா. பூட்டினா. சாவிய இடுப்புல சொருகிக்கிட்டா.

“எவ்வளவு நேரம்?”

“காய்க்கிற வரைக்கும்.”

அந்நேரம் பாத்து அவரு வீட்டம்மா ராஜகனி ரெண்டு டம்ளர் காப்பியோட படியேறி வந்தா. வலையப் பாத்தா. வலைக்குள்ள புருஷனப் பாத்தா.

“இது நல்லாருக்கே. எனக்கு இந்த யோசனை வராமப் போச்சே.”

“ஏட்டி, காப்பியக் குடு.”

“எந்த வழியா?”

ராஜகனி ஒரு டம்ளர பேராச்சி கையில குடுத்தா. இன்னொண்ண அவரு கண்ணு முன்னாலயே மாடிச் சுவர் மேல வச்சா. ஆவி அடங்குச்சு. ஆடை கட்டுச்சு.

அப்ப ஒரு தேனீ வந்துச்சு.

மாசிலாமணி மூக்குக்கு நேரா, வலைக்கு அந்தப் பக்கம். காலு ரெண்டுலயும் மஞ்சப் பொடி, மூட்டை கட்டிக்கிட்ட மாதிரி. எங்கேயோ பூவுல எடுத்துட்டு வந்திருக்கு.

வலையில உக்காந்துச்சு. நடந்துச்சு. மேல் மூலைக்குப் போச்சு. வழியில்ல. கீழ செங்கல் வரைக்கும் வந்துச்சு. வழியில்ல. பறந்து போச்சு. திரும்பி வந்துச்சு.

மாசிலாமணி அதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

அந்த நடை அவருக்குத் தெரியும்.

ஜெயில்ல கைதிகளப் பாக்க ஆளு வர்ற அறை. நடுவுல கம்பிவலை. ஒரு தடவை ஒரு அம்மா, பஸ்ஸு பிந்திப்போச்சுன்னு மூச்சு வாங்க ஓடி வந்தா. கையில தூக்குவாளி. மகன் அதுக்குள்ள எந்திரிச்சு உள்ள போய்க்கிட்டிருந்தான். அவ வலையத் தடவிக்கிட்டே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தா.

“ஐயா, ஒரே ஒரு தடவை. பாத்துட்டுப் போயிருதேன்.”

“நேரம் முடிஞ்சிருச்சு.”

சொன்னது மாசிலாமணி. கடிகாரத்தப் பாத்துத்தான் சொன்னாரு. சட்டப்படி அதுல தப்பே இல்ல.

தேனீ மறுபடி மேல் மூலைக்குப் போச்சு.

“என்ன சார், அசையாம உக்காந்துட்டீங்க?” பேராச்சி சாவிய எடுத்து ஆட்டினா. “வேணுமா?”

அவரு சாவியப் பாக்கல. எந்திரிச்சாரு. ரெண்டு வலையச் சேத்துத் தச்ச இடத்தத் தேடினாரு. அவரே உக்காந்து நெருக்கி நெருக்கிப் போட்ட தையல். விரலுக்கு வரல. பல்லால கடிச்சு இழுத்தாரு.

“ஏங்க, அது என் அம்மா குடுத்த கொசுவலை!” ராஜகனி கத்தினா.

டர்ருன்னு ஒரு முழத்துக்குக் கிழிஞ்சுது.

தேனீ விலகிப் போச்சு. ஒரு சுத்துச் சுத்துச்சு. கிழிஞ்ச வழியா உள்ள வந்துச்சு. முதல்ல ஒரு பூவுல விழுந்து புரண்டுச்சு. அப்புறம், பின்னாடி பிஞ்சு வச்ச பூவு ஒண்ணு இருந்துச்சே, அதுல போய் உக்காந்துச்சு.

பேராச்சி தொண்டையக் கனைச்சா. அவரு கேட்டுல அதட்டுன அதே குரல், அதே இழுவை.

“யாரு? பேரு என்ன? யாரப் பாக்கணும்?”

மாசிலாமணி உதட்டுல விரல வச்சாரு.

“சத்தம் போடாதீங்க, வாத்தியாரம்மா. பாத்துட்டுப் போகட்டும்.”