மைதா பூசிய மூடி

மூன்றாவது பானையையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, பிரியாணி மாஸ்டர் ஏகாம்பரம் யூஜினியின் வீட்டுக்கு வந்தார். கையில் மீதிப் பார்லிப் பை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்கு பீர் காய்ச்சக் கற்றுத்தரும் யூஜினிக்கு முப்பத்தொன்று. ஆனாலும் வாத்தியாரம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

“வாத்தியாரம்மா, சூடு எப்படி நிக்கும்?”

“என்ன செஞ்சீங்க, மாஸ்டர்?”

“நீங்க சொன்னதைத்தான். முளைகட்டிக் காயவெச்ச பார்லியை வெந்நீர்ல போட்டேன். அறுபத்தாறு டிகிரி. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தாத்தான் இனிப்பு இறங்கும்னீங்க. இருக்க மாட்டேங்குதே.”

“மூடியை எத்தனை தடவை திறந்தீங்க?”

அவர் விரல் விட்டு எண்ணினார். இரண்டு கையும் போதவில்லை.

“திறந்து பார்த்தா அறுபத்துமூணு. பதறிப்போய் அடுப்பை மூட்டினேன், எழுபத்திரண்டு. பச்சைத்தண்ணி ஊத்தினேன், அறுபது.”

அடுத்த மாதம் அவருக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். அன்றைக்குத் தன் கையால் காய்ச்சிய பீர்தான் என்று பாதிப் புதுச்சேரிக்குச் சொல்லிவைத்திருந்தார். பையில் இருந்தது ஒரு பானைக்கு மட்டுமே போதும்.

“இதுவும் கெட்டுப்போனா?” என்றாள் யூஜினி.

“எல்லாருக்கும் மோர் கலக்கி வைக்கிறேன்னு என் வீட்டம்மா இப்பவே சொல்லிட்டா.”

யூஜினி சிரித்துக்கொண்டே அடுப்பை மூட்டினாள். முதலில் பானை சூடேற, வெறும் பானையில் வெந்நீரைச் சுழற்றிக் கொட்டினாள். பிறகு பார்லியும் நீரும். கட்டியில்லாமல் அவரைக் கிளறச் சொன்னாள். தெர்மாமீட்டர் அறுபத்தாறு காட்டியது. அடுப்பை அணைத்தாள்.

“மாஸ்டர், அந்த டப்பாவுல மைதா இருக்கு. பிசைங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மைதாவைக் கண்டதும் கை தானாக வேலை செய்தது. மாவைக் கயிறாகத் திரித்துப் பானையின் விளிம்பில் சுற்றினார். மூடியை வைத்து அழுத்தினார். இடைவெளி தெரிந்த இடத்தில் கட்டைவிரலால் அப்பினார்.

யூஜினி பானைக்கு இரண்டு கம்பளி சுற்றினாள். தெர்மாமீட்டரைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஏகாம்பரம் உட்கார்ந்தார். எழுந்தார். கம்பளியில் காதை வைத்துப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை, வாத்தியாரம்மா. ஓரமா.”

“உக்காருங்க.”

“உள்ள என்ன நடக்குதோ.”

“உக்காருங்க, மாஸ்டர்.”

ஒரு மணி நேரம் ஆனது. அவரே கத்தியால் மாவைக் கீறி மூடியை எடுத்தார். யூஜினி தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தாள். அறுபத்தைந்து காட்டியது. தெர்மாமீட்டரை உதறித் துடைத்து இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். அறுபத்தைந்துதான். ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். நல்ல தித்திப்பு.

“இதை யாரு உங்களுக்குக் கத்துக்குடுத்தது?”

“நீங்கதான்.”

“நானா?”

“ஆறு வருஷம் முன்னாடி, வில்லியனூர்ல எங்க அக்கா கல்யாணம். இலை போட்டாச்சு. முந்நூறு பேர் உக்காந்தாச்சு. தம்மை உடைங்கன்னு எங்க அப்பா வந்து கத்துறார். நீங்க மைதா பூசி மூடின பிரியாணி அண்டா பக்கத்துல நாற்காலி போட்டு பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. நிமிர்ந்துகூடப் பாக்கலை. அப்பாகிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

அவருக்கு இல்லை.

“‘பசி உங்களுக்குத்தான் சார், அண்டாவுக்கு இல்லை’ன்னீங்க.”